பதில் போடாத லைட்

போன ஞாயிறு கண்டியில் ஒரு கல்யாணம். அண்ணன் மகன் சுரேஷ் புதிதாக வேன் வாங்கியிருக்கிறான். "பஸ்ஸுல வந்து இடுப்ப ஒடிச்சுக்காதீங்க சித்தப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். மறுப்பேனா? முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

உக்குவளை தாண்டியதும் எதிரே வந்த மணல் லொறி ஒன்று ஒரு தடவை லைட் அடித்துவிட்டுப் போனது. சுரேஷ் உடனே வேகத்தைக் குறைத்தான். வளைவு திரும்பினால்… பலா மரத்துக்குப் பின்னால் இரண்டு பொலிஸ்காரர்கள், கையில் வேகம் அளக்கும் கருவியோடு. நாங்கள் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி மெதுவாக அவர்களைக் கடந்தோம். பாவம், அவர்கள் முகத்தில் அவ்வளவு ஏமாற்றம்.

"பாத்தீங்களா? லொறிக்காரங்கன்னா லொறிக்காரங்கதான்" என்று சுரேஷ் சிரித்தான். வாங்கிய உபகாரத்தைத் திருப்பிச் செய்ய வேண்டாமா? எதிரே வந்த ஜீப்புக்கு லைட் அடிக்கக் கையை எடுத்தான்.

அவன் மணிக்கட்டு என் பிடியில் இருந்தது. எப்போது பிடித்தேன் என்று எனக்கே தெரியாது. வேன் ஓர் ஆட்டம் ஆடி நேரானது.

"என்ன சித்தப்பா?"

"ஒண்ணுமில்ல. யாருன்னு பாத்து அடி."

"லைட் அடிக்கிறதுக்கு யாருன்னு பாக்கணுமா?"

பார்க்க வேண்டும். ஆனால் அதை அவனுக்கு எப்படிச் சொல்வது? அவன் பிறந்ததே அந்தக் காலத்துக்கு இரண்டு வருஷம் கழித்து. கல்யாண வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செல்வி, அதாவது என் மனைவி, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "வில்கமுவ ரோட்டு ஞாபகமா? எழுதித் தொலைங்களேன்… எத்தன வருஷம் வயித்துக்குள்ளயே வெச்சிருப்பீங்க?" என்றாள்.

எழுதித் தொலைக்கிறேன்.

நான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பஞ்சர் கதை, யானை கதை, அட்டைக் கடி கதை என்று எல்லாவற்றையும் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதித்திருக்கிறேன். ஆனால் லொறியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னேனா?

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குக் காலை என்றால் சங்கு. சங்கு ஊதினால் எழும்ப வேண்டும், சங்கு ஊதினால் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும், சங்கு ஊதினால்தான் வீட்டுக்குப் போகலாம். எங்கள் அப்பா காய்ச்சலில் படுத்திருந்தபோதும் சங்குச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். நான் பத்தொன்பது வயதில் லைசன்ஸ் எடுத்ததே அந்தச் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போகத்தான். வேறு பெரிய இலட்சியம் ஒன்றும் கிடையாது.

மாத்தளை டவுனில் ஒரு சாமான் கடை முதலாளி. அவருடைய மூக்கு நீண்ட பழைய லொறி. லொறி அவருடையது, சாவி என் சட்டைப் பையில். உப்பு, சீனி, மண்ணெண்ணெய், கருவாடு ஏற்றிக்கொண்டு நாவுல போய், வலப்பக்கம் திரும்பி, காட்டுப் பாதையில் விழுந்தால்… வில்கமுவ போய்ச் சேரும்வரை என்னைக் கேள்வி கேட்க ஆள் கிடையாது. எப்போது போய்ச் சேருவேன் என்று எனக்கே தெரியாது. யானை நின்றால் நிற்க வேண்டும். ஆறு பெருகினால் காத்திருக்க வேண்டும். திரும்பும்போது நெல்லா, மிளகாயா, பூசணியா என்பது அங்கே போனால்தான் தெரியும். பசித்த இடத்தில் சாப்பாடு, தூக்கம் வந்த இடத்தில் தூக்கம்.

அரசாங்க பஸ் டிப்போவில் வேலைக்குக் கடிதம் வந்தது. நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. நான் வேண்டாம் என்றேன். செல்வி நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள்… "நாளைக்கு என்ன நடக்கும்னு தெரியாத பொழப்புல அப்படி என்ன சொகம்?"

அதுதான் சுகமே என்றேன். திமிர். வேறென்ன சொல்வது?

நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாததில் சுகம் இருக்கிறதுதான். ஆனால் எண்பதுகளின் கடைசியில், இந்த நிமிஷம் என்ன நடக்கும் என்பதே தெரியாமல் போய்விட்டது.

அந்த நாட்களை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காலையில் கடைக் கதவில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். பஸ் ஓடக்கூடாது, கடை திறக்கக்கூடாது. ஒட்டுவது அரசாங்கத்தை எதிர்த்துத் துவக்குத் தூக்கிய சிங்கள இளைஞர்கள்; பெயரைச் சொல்லப் பயந்து 'அந்த ஆட்கள்' என்போம். பத்து மணிக்கு இராணுவம், அதாவது ஆமி, வந்து அதே கதவைத் தட்டும். கடையைத் திற, லொறியை எடு. ஓடினால் ஒரு பக்கம் சுடும், ஓடாவிட்டால் இன்னொரு பக்கம் சுடும். ஆற்றில் மிதந்து வந்ததைப் பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. மாத்தளைக்காரர்களுக்குத் தெரியும்.

வில்கமுவ பாதையில் அப்போது ஏழெட்டு லொறிகள் ஓடின. சிங்களவர், முஸ்லிம், தமிழர் என்று எல்லோரும் கலந்துதான். எங்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. எதிரே லொறியைக் கண்டால் லைட் அடிக்க வேண்டும். முன்னால் யானை என்றாலும் லைட், பாலம் உடைந்திருந்தாலும் லைட், பொலிஸ் என்றாலும் லைட், ஆமி என்றாலும் லைட். பக்கத்தில் வரும்போது கையைக் காட்டி விஷயத்தைச் சொல்லிக்கொள்வோம். ஒன்றும் இல்லையென்றாலும் சும்மா ஒரு தடவை அடிப்போம்… 'நான்தான், நல்லா இருக்கேன்' என்பது அதற்கு அர்த்தம். அடித்தால் மற்றவன் கட்டாயம் பதில் அடிக்க வேண்டும். அடிக்காதவனை அடுத்த தடவை சாயக் கடையில் தேநீர் குடிக்கும்போது பிடித்து வைத்து ஏசுவோம்.

எல்லோரையும்விட அதிகமாக ஏசுவது நிசாம். வரக்காமுறைப் பக்கத்து ஆள். பச்சை முகப்பு லொறி, நெற்றியில் பிறை வரைந்திருப்பான். எனக்கு அந்தப் பாதையைக் காட்டிக் கொடுத்தவனே அவன்தான். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம், அதாவது நல்ல பழக்கம்… பாதையில் யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வான். பஸ் ஓடாத நாட்களில் அவனுடைய நெல் மூட்டைகளின் மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், வளர்ந்த மகனை ஊரில் வைத்திருக்கப் பயந்து டவுனில் மாமா வீட்டில் விடப் போகிறவர்கள்.

"எதுக்குடா இந்த வேல? யாரு எவருன்னு தெரியாம ஏத்துற" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நடந்து போற மனுசன்ட பேர் கேட்டா ஏத்தச் சொல்ற?" என்று திருப்பிக் கேட்டான்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். தூறல். நாவுல தாண்டி, காட்டு முனையிலிருந்த ஆமிக் காவலில் என் அடையாள அட்டையைப் பார்த்தார்கள், மூடியிருந்த படங்கைத் தூக்கிச் சாமானைப் பார்த்தார்கள், போ என்றார்கள். பெருமூச்சு விட்டுக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு மைல் போயிருக்க மாட்டேன். எதிரே தூறலுக்குள் ஒரு வண்டி.

கை தானாகப் போனது. ஒரு தடவை லைட் அடித்தேன். முன்னால் ஆமி நிற்கிறது, பார்த்துப் போ. அவ்வளவுதான். அந்தப் பாதையில் ஓடுகிற எந்த டிரைவரும் செய்வதுதான்.

கிட்டே வந்த பிறகுதான் பார்த்தேன். வேன். நம்பர் தகடு இல்லை.

அது பாதைக்குக் குறுக்கே நின்றது. ஐந்தாறு பேர் இறங்கினார்கள். டீ ஷர்ட், செருப்பு, சுடத் தயாராகத் துவக்கு. ஆமி ஆட்களேதான், சீருடை மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தேன்.

அவர்களுக்குப் பெரியவராகத் தெரிந்தவர் சத்தம் போடாத ஆள். கறுப்புக் கண்ணாடி, நெஞ்சுப் பையில் பேனா. என் கதவுப் பக்கம் வந்து சிங்களத்தில் கேட்டார். அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"யாருக்கு லைட் போட்டாய்?"

"உங்களுக்குத்தான் சேர்."

"எங்களை யாரென்று நினைத்தாய்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொன்னால், ஆமி நிற்பதை வழியில் வருகிறவர்களுக்கு அறிவிக்கிறவன் நான். அந்த நாட்களில் அது ஒன்று போதும். ஆளைக் கொண்டுபோக வேறு சாட்சி வேண்டாம்.

"யானை நிக்குது சேர், அதைச் சொன்னேன்" என்றேன்.

"எங்கே?"

"பின்னால… இப்ப போயிருக்கும்."

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. லொறியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். டயரைக் காலால் தட்டினார். படங்கைத் தூக்கிப் பார்த்தார். அவர் மனதில் ஏதோ கணக்கு ஓடுவது தெரிந்தது. திரும்பி வந்து, "இந்த லொறியை இந்தப் பாதையில் எல்லோருக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். அந்த ஒரு பதிலைத்தான் நான் யோசிக்காமல் சொன்னேன்.

நாலு பேர் பின்னால் ஏறி உப்பு மூட்டைகளுக்கு நடுவில் படங்கை மூடிக்கொண்டார்கள். பிறகு வேனிலிருந்து ஒரு ஆளை இறக்கினார்கள். தலையிலிருந்து தோள் வரைக்கும் கோணிச் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. கை முன்னால் கட்டியிருந்தது.

தலையாட்டி. கேள்விப்பட்டிருப்பீர்கள். பிடிபட்ட ஆளுக்குச் சாக்கைப் போட்டு ஊர் மக்களை வரிசையில் நிறுத்துவார்கள். யாரைப் பார்த்து அந்தச் சாக்கு மேலும் கீழும் ஆடுகிறதோ, அவர் வீட்டுக்குத் திரும்பமாட்டார். அந்த ஆளை என் பக்கத்தில், நடுவில் ஏற்றினார்கள். அந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடி சேர் ஏறிக் கதவைச் சாத்தினார்.

"இன்று பஸ் இல்லை. ஆட்கள் லொறியில்தான் வருவார்கள். முதலில் வரும் லொறிக்குக் குறுக்கே இதைப் போடு. மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். "லைட்டில் கை வைக்காதே. ஹோர்ன் அடிக்காதே. கையை வெளியே நீட்டாதே. நீட்டினால் அந்தக் கை உனக்கு இருக்காது."

வேன் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பின்னால் வந்தது. நான் லொறியை எடுத்தேன்.

முதலில் வரும் லொறி எது என்று எனக்குத் தெரியும். விடியற்காலையிலேயே நெல் ஏற்றிப் புறப்படுகிற ஆள் ஒருவன்தான். முருகா, இன்றைக்கு அவன் டயர் வெடித்திருக்கக் கூடாதா? எஞ்சின் கோளாறாகி எங்காவது மரத்தடியில் படுத்துக் கிடக்கக் கூடாதா? நண்பனுக்குக் கெடுதல் வரவேண்டும் என்று நான் மனமார வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

வளைவு மேல் வளைவு. பக்கத்திலிருந்த சாக்கு மனிதன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பார்க்கப் பயமாக இருந்தது, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஒரு வளைவில் நான் பிரேக்கை மிதித்தபோது கீழே கண் போனது. அந்த ஆளின் வெறும் வலது காலும் தரையை அழுத்தியது. தற்செயல் என்று நினைத்தேன். அடுத்த வளைவிலும் அழுத்தியது. நான் மிதிப்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே.

டிரைவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பது டிரைவர் மட்டும்தான். செல்வி மிதிக்க மாட்டாள், கண்ணை மூடிக்கொள்வாள்.

எனக்கு இன்னும் பயம் கூடிவிட்டது. ஏன் தெரியுமா? இந்தப் பாதையில் ஓடினவன் என்றால், எங்கள் லைட் வழக்கம் முழுக்க அந்த ஆளுக்கும் தெரிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம் எதையும் மறைக்க முடியாது.

அந்தப் பாதையில் ஓரிடத்தில் அரை மைலுக்கு நேர்ப்பாதை. இடப்பக்கம் கால்வாய், வலப்பக்கம் காடு வெட்டிப் பயிர் போட்ட சேனையும் அதற்குப் பின்னால் காடும். வளைவை விட்டு அந்த நேர்ப்பாதைக்கு வந்ததும் எதிர் முனையில் தெரிந்தது. பச்சை முகப்பு. மூட்டைகளின் மேல் வரிசையாகத் தலைகள், இரண்டு மூன்று குடைகள்.

நிசாம் லைட் அடித்தான். ஒரு தடவை. நான்தான், நல்லா இருக்கேன்.

என் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. சேர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிசாம் மறுபடி அடித்தான். இந்தத் தடவை இரண்டு. டேய், தூங்குறியா?

"ஏன் லைட் போடுகிறான்?" என்று சேர் கேட்டார்.

"சும்மா சேர். பழக்கம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மடையர் இல்லை அவர். எது கேட்கக்கூடாது என்று நான் முருகனை வேண்டிக்கொண்டிருந்தேனோ அதையே கேட்டார்.

"நீ பதில் போட வேண்டுமா?"

வாசகர்களே, சுதந்திரம் பற்றி நான் இந்தப் பக்கத்தில் நிறைய அளந்திருக்கிறேன். திறந்த பாதை, கேள்வி கேட்க ஆள் இல்லாத வாழ்க்கை, அது இது என்று. அன்றைக்கு என் கை என்னுடையதில்லை, கால் என்னுடையதில்லை, லொறி என்னுடையதே இல்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு வார்த்தை. ஆம் என்றால், 'போடு' என்பார். நான் போடுவேன். நிசாம் சிரித்துக்கொண்டே வந்து என் முன்னால் நிற்பான். இல்லை என்றால்… பொய். பக்கத்திலேயே அதைப் பொய் என்று அறிந்த ஆள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

"இல்ல சேர்" என்றேன். "பெரிய லொறிக்காரன் அடிப்பான், நாங்க ஒதுங்கிக் குடுப்போம். பதில் எல்லாம் இல்ல."

குரல் நடுங்கியது. அவருக்கும் கேட்டிருக்கும். முழங்கையால் சாக்கு மனிதனின் விலாவில் ஒரு இடி இடித்தார்.

"நீ சொல். இவன் சொல்வது சரியா?"

லொறி ஓடிக்கொண்டிருந்தது. கால்வாயில் ஒரு கொக்கு நின்றது. இதெல்லாம் ஏன் ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. நான் சாக்கைப் பார்க்கவில்லை, பாதையைத்தான் பார்த்தேன். ஓரக் கண்ணில் அந்தச் சாக்கு அசைந்தது தெரிந்தது. மேலே, கீழே. ஒரு தடவை.

சரி என்று தலை ஆட்டினான்.

சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

எதிரே நிசாமின் லொறி வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. முந்நூறு கஜம் தள்ளி, பாதையின் நடுவிலேயே நின்றது. மூட்டை மேலிருந்த தலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. குடைகளும் போயின. சேனைப் பக்கம் புல் ஆடியது, அவ்வளவுதான் நான் பார்த்தது.

"வேகமாகப் போ" என்று சேர் கத்தினார். அவர் கத்தியது அப்போதுதான். நானும் மிதித்தேன். உண்மையாகவே மிதித்தேன். எஞ்சின்தான் இரைந்தது, லொறிக்கு வேகம் வரவில்லை. போய்ச் சேர்ந்தபோது நிசாம் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர்க் கேனோடு நின்றான். மூட்டைகளின் மேல் ஒரு ஒற்றைச் செருப்பும் கீரைக்கட்டு வைத்த பனையோலைப் பையும் கிடந்தன. வேறு ஆள் அரவம் இல்லை.

எல்லோரும் குதித்து ஓடினார்கள். "அசையாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு சேரும் இறங்கிப் போனார். என் வண்டிக்குள் நானும் சாக்கு மனிதனும் மட்டும்.

அங்கே நிசாமை அடிக்கிற சத்தம் கேட்டது. துவக்குப் பிடியால் காதோடு அடித்தார்கள். அவன் "எஞ்சின் சூடு சேர், எஞ்சின் சூடு சேர்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அதற்கு நடுவில், உதடு அசையாமல், சிங்களத்தில் கேட்டேன்.

"லொறியா?"

சாக்குக்குள்ளிருந்து குரல் வந்தது. வயதான குரலும் இல்லை, இளம் குரலும் இல்லை.

"பவுசர்."

எண்ணெய் ஏற்றும் பவுசர். அந்தப் பாதையில் எத்தனையோ தடவை எதிரே வந்து எனக்கு லைட் அடித்த ஆளாக இருக்கலாம். நானும் பதில் அடித்திருப்பேன்.

"பேர் என்ன?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன்? வீட்டில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்திருப்பேன். தெரியவில்லை.

சாக்கு கீழே என் கால் பக்கம் குனிந்தது. பிறகு சொன்னான்.

"உன் கிளச் வழுக்குது. கவனிக்கலையா? ஏத்தத்துல விட்டுரும். மாத்திடு."

அதற்குள் ஒருவன் வந்து கதவைத் திறந்து அவனை இழுத்து இறக்கினான். நிசாமுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சேர் ஏதோ கேட்டார். இந்தத் தடவை நான் நேராகவே பார்த்தேன். சாக்கு இடதும் வலதும் ஆடியது. மறுபடி கேட்டார். மறுபடியும் அதேபோல் ஆடியது. சேர் நிசாமைப் பார்க்கவில்லை, சாக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேன் வந்தது. அவனை ஏற்றினார்கள். எங்கள் இரண்டு பேரையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஏன் விட்டார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பிடித்ததற்கும் காரணம் இல்லை, விட்டதற்கும் காரணம் இல்லை.

நிசாமின் காதிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் காது இன்றும் கேட்காது. கால்வாய்த் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

"எப்படிடா தெரிஞ்சிச்சு?" என்று கேட்டேன்.

என்னவோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தான். "நீ பதில் போடாமப் போற ஆளா? ரெண்டு தரம் அடிச்சேன். அப்பவே வெளங்கிட்டு, வண்டில வேற யாரோ ஈக்கிறாங்கண்டு."

பிறகு நான் வில்கமுவ போனேன். போகாமல்? உப்பு இருந்ததே. திரும்பி வீட்டுக்கு வந்து செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டிப்போ வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அன்றைக்கு நான் சரி என்றிருப்பேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை முதலாளியிடம் போய் கிளச் மாற்ற வேண்டும் என்றேன்.

"ஓடுதுதானே? அடுத்த மாசம் பாப்போம்" என்றார்.

"இப்ப மாத்துறதுன்னா நான் ஓட்டுறேன். இல்லாட்டி சாவிய வெச்சுக்குங்க" என்றேன். அந்த மாதிரி நான் அவரிடம் பேசியதே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, கராஜுக்கு ஆள் அனுப்பினார்.

கராஜில் பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம், கொடுத்துவிட்டுப் போக மனமில்லை. நானே லொறிக்கு அடியில் படுத்து, அவரோடு சேர்ந்து கியர் பெட்டியை இறக்கினேன். கிளச் தகட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பாஸ், "தம்பி, இதோடயா மலை ஏறுனீங்க?" என்று கேட்டார். அப்பளமாகத் தேய்ந்து ஆணிகள் வெளியே தெரிந்தன. அடுத்த ஏற்றத்தில் விட்டிருக்கும்.

ஆக, ஒரே காலையில் அந்த மனிதன் என்னை இரண்டு தடவை காப்பாற்றியிருக்கிறான். நான் அவன் பெயரைக் கேட்டேன்… அதை மட்டும் அவன் சொல்லவில்லை.